பதம் தெரிந்தவரைத் தேடி

அதிரசத்துக்கு அளவு தெரியாதவர்கள் குறைவு. ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம், கொஞ்சம் ஏலக்காய், சுக்கு. அக்காவிடம் போனில் கேட்டாலே சொல்லிவிடுவார். இருந்தும் முதல் தடவை போடும் அதிரசம் எண்ணெயில் பிரிந்து மிதக்கிறது, இல்லையென்றால் மறுநாள் கடிக்க முடியாத ஓடாகிவிடுகிறது. பெரும்பாலும் தவறு அளவில் இருப்பதில்லை, பாகை இறக்கிய நேரத்தில் இருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு பாகை விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. உருட்டித் தட்டில் போட்டதும் ‘டங்’ என்று சத்தம் கேட்டால் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சொற்ப நேரம். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று “இப்போ இறக்கு” என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

சமையல் வகுப்பு எதற்கு, எல்லாம்தான் வீடியோவில் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அளவு எங்கும் கிடைக்கும். பதம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும். மைசூர்பாகு நுரைத்து வரும் வாசனை, கடுகு அடங்கும் சத்தம், இட்லி மாவைக் கையால் அள்ளும்போது தெரியும் கனம் எதையும் திரை காட்டாது. ஆகவே வகுப்பு தேடும்போது, பதம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நம் கை எவ்வளவு நேரம் அடுப்பில் இருக்கும் என்பதைத்தான் தேடுகிறோம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பலகாரத்தின் பெயர்

‘சமையல் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று தேடினால் எதுவும் அகப்படாது, அகப்படுவதும் பொருந்தாது. ‘ஆம்பூர் பிரியாணி’, ‘பஞ்சு மாதிரி இட்லி’, ‘முட்டை சேர்க்காத கேக்’, ‘தினமும் ஒரு குழம்பு, ஒரு பொரியல்’ என்று சொல்லிப் பாருங்கள். யாரிடம் போவது என்பது பாதி தெரிந்துவிடும். பிரியாணிக்குப் போக வேண்டியது தம் போடத் தெரிந்த பாயிடம். கேக் என்றால் ஓவன் வைத்திருக்கும் வகுப்பு. தினசரிச் சமையலுக்கு ஒரு வீட்டு அடுப்படிதான் சரி. மூன்றையும் கற்றுத்தருவதாக ஒரே பலகையில் எழுதியிருக்கும் இடத்தில் எது உண்மையாகவே நன்றாக வரும் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மனைவி போன பிறகு எழுபது வயதுக்கு மேல் சமையல் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். முதலில் சேர்ந்த இடத்தில் பனீர் வகைகளும் சூப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது ரசம், மனைவி வைத்தது போன்ற மிளகு ரசம். அந்த வகுப்பை விட்டுவிட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த ஓர் அம்மாவிடம் பத்து நாள் காலையில் போய் நின்றார். ரசம் நுரை கட்டி எழும்பும்போது கொதிக்க விடாமல் இறக்க வேண்டும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்துக் கற்றார். வகுப்பைத் தேடுவதற்கு முன் ‘என் நாக்கு எதைத் தேடுகிறது’ என்று ஒரு தாளில் எழுதச் சொல்வது அவரை நினைத்துத்தான்.

தெருவில் இருக்கும் ஆசிரியர்கள்

வீட்டில் வைத்துக் கற்றுத்தருபவர்கள் பலர் எங்கும் விளம்பரம் செய்வதில்லை. அவர்களைப் பற்றித் தகவல் தெரிந்த இடங்கள் வேறு. மாவு மில்லில் கேளுங்கள். யார் வீட்டிலிருந்து வாரம் தவறாமல் முறுக்கு மாவும் சாம்பார் பொடியும் அரைக்க வருகிறது என்பது மில்காரருக்குத் தெரியும். மளிகைக் கடையில் ஐப்பசி மாதம் மொத்தமாகக் கடலை மாவும் நெய்யும் வாங்குபவர் யார் என்று கேளுங்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் சாக்லேட் கட்டி, கிரீம், அச்சுகளோடு வகுப்புச் சீட்டும் ஒட்டியிருக்கும். பல கடைகள் தாங்களே வகுப்பு நடத்துகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் “முறுக்கு சுற்றத் தெரிந்தவர் யார்?” என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். பதில் எதிர் பிளாக்கிலிருந்தே வரலாம்.

கல்யாணச் சமையல்காரர்களை மறந்துவிடாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, மண்டபத்துப் பின்கட்டில் காய் நறுக்க உட்கார ஆள் தேவைப்படும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த காண்ட்ராக்டரிடம் “ஒரு ராத்திரி கூட இருந்து பார்க்கிறேன் அண்ணே” என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. இருநூறு பேருக்கு ரசம் வைப்பது நமக்கு எதற்கு என்று தோன்றும். ஆனால் அங்கே உட்கார்ந்தால், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டை எப்போது இறக்குகிறார்கள், புளி பச்சை வாசனை போவதற்கு எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதெல்லாம் பெரிய அளவில், தெளிவாகத் தெரியும். சின்னப் பாத்திரத்தில் கண்ணுக்குத் தப்புவது அண்டாவில் தப்பாது.

சில சமையல்களுக்கு வீட்டை விட்டால் வேறு பள்ளிக்கூடமே இல்லை. காயல்பட்டினத்து வீடுகளின் நோன்புக் கஞ்சி, கீழக்கரை வீட்டுப் பலகாரங்கள், நாகர்கோவில் பக்கத்து மீன் குழம்பு, செட்டிநாட்டு ஆச்சிமார் செய்யும் சீப்புச் சீடையும் கவுனி அரிசியும் எந்த நிறுவனத்தின் பாடத்திட்டத்திலும் முழுசாக இல்லை. காரைக்குடியில் ‘தி பங்களா’ போன்ற பாரம்பரிய விடுதிகள் வெளியூர் விருந்தினர்களுக்குச் செட்டிநாட்டுச் சமையலைச் செய்து காட்டுகின்றன. செலவழிக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல அறிமுகம். மற்றவர்கள் அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கல்பாசியையும் மராட்டி மொக்கையும் எண்ணெயில் போட்டு எவ்வளவு நேரத்தில் அடுத்த சாமானைச் சேர்ப்பது என்பதை அந்த ஊர் வீட்டில் வளர்ந்தவர் யோசிக்காமலே செய்வார்.

இப்படி ஒருவரிடம் போகும்போது மரியாதை முக்கியம். “மாமி, உங்க கைமணத்தைப் பத்தி மில்லில சொன்னாங்க. தட்டை ஒரு தரம் கூட இருந்து கத்துக்கணும், எப்போ தோதுப்படும்?” என்று கேட்டால் போதும். சாமான் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு தரலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். “காசெல்லாம் எதுக்கு” என்று சொன்னால், வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஒரு கவரை வைத்துக் கொடுங்கள். அவர் செலவழிக்கும் அரை நாள் இலவசமல்ல. வீட்டில் சமைக்கும் பெண்களின் நேரத்துக்கு விலையே இல்லை என்று நம் ஊர் நீண்ட நாளாக நினைத்து வந்திருக்கிறது. கற்றுக்கொள்ளப் போகிறவராவது அப்படி நினைக்கக் கூடாது.

இன்னொன்று. அவர் “ஒரு ஆழாக்கு” என்று சொன்னால், கையில் எடுக்கும் டம்ளரைப் பாருங்கள். ஆழாக்கு என்பது சுமார் 168 மில்லி. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆழாக்கு என்று வழங்குவது ஒரு குறிப்பிட்ட எவர்சில்வர் டம்ளராகத்தான் இருக்கும். அனுமதி கேட்டு, அந்த டம்ளரில் தண்ணீர் நிரப்பி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ‘ஒரு கை’ உப்பு என்றால், அவர் போடும் முன் அதை ஒரு சின்ன தட்டில் வாங்கி எடை பாருங்கள். கையடக்கத் தராசு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டே நான் போவேன். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்டபோது செய்த வேலையும் இதற்கு உறவானதுதான். வீட்டுக்குள் வாய்வழியாக இருந்ததை, வேறு ஊரில் தனியாகச் சமைக்கும் பெண்ணும் பின்பற்றும்படி எழுத்தில் கொண்டுவந்தார்.

அரசு நடத்தும் பயிற்சிகள்

பலருக்குத் தெரியாத கதவுகள் இங்கே இருக்கின்றன. ஆனால் எந்தக் கதவு எதற்கு என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும்.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறுவடைப் பின்சார் தொழில்நுட்ப மையம், கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் பயிற்சிகள் நடத்துகிறது. சிறுதானிய உணவுகள், பேக்கரிப் பொருள்கள், மசாலாப் பொடி, ஊறுகாய், பழ ஜாம் போன்றவை மாறி மாறி வரும். அறிவிப்பு நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலத்தில் வந்துவிட்டுப் போய்விடும், கவனித்துக்கொண்டே இருங்கள். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமும் உணவுப் பதப்படுத்தலில் குறும்பயிற்சிகள் தருகிறது. நெல் பதப்படுத்தலை ஆராயத் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதால் அரிசி, சிறுதானியம் பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய உண்டு.

மாவட்டங்களில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களை விவசாயிகளுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நாட்டிலேயே முதலாவது 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இந்த நிலையங்கள் பலவற்றில் மனையியல் படித்த நிபுணர் ஒருவர் இருப்பார். அவர் நடத்துவது பெரும்பாலும் மதிப்புக்கூட்டல் வகுப்பு. நெல்லிக்காய் மிட்டாய், முருங்கைக்கீரைப் பொடி, தக்காளி ஊறுகாய் போன்றவை. போன் செய்து “இந்த மாசம் மனையியல் பயிற்சி என்ன இருக்கு மேடம்?” என்று கேளுங்கள். பெயரும் எண்ணும் கொடுத்து வைத்தால் அடுத்த பயிற்சிக்குக் கூப்பிடவும் செய்வார்கள்.

மீனில் நாட்டம் உள்ளவர்கள் தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியை விசாரிக்கலாம். அது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. மீன் ஊறுகாய், மீன் கட்லெட் போன்றவற்றுக்கு அங்கே பயிற்சி நடக்கிறது. பனீர், பால்கோவா என்றால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ், செங்குன்றம் பக்கம் கொடுவள்ளியில் இருக்கும் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி.

ஊரகப் பகுதியில் இருப்பவர்களுக்கு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உண்டு. அப்பளம், ஊறுகாய், மசாலாப் பொடி தயாரிப்பு அங்கே பத்து நாள் பயிற்சி. கட்டணம் கிடையாது, சாப்பாடும் தருகிறார்கள். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பேக்கரி, சாக்லேட் போன்றவற்றுக்குக் கட்டணப் பயிற்சிகளை அறிவிக்கிறது. தரமணியில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வரும் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே பட்டப்படிப்பு தவிர குறும்பயிற்சி ஏதும் நடக்கிறதா என்று நேரில் போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

இவற்றில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சிகள் விற்பதை மனதில் வைத்தவை. பாட்டிலில் அடைப்பது, கெடாமல் வைப்பது, லேபிள் ஒட்டுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்குவது ஆகியவை நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். வத்தக்குழம்பு வைக்கக் கற்க வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வருஷத்துக்கு ஊறுகாய் போட்டு வைப்பவர், பேரக் குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பவர், பூஞ்சை ஏன் பிடிக்கிறது, எவ்வளவு உப்பும் புளிப்பும் இருந்தால் பிடிக்காது என்பதை இந்த ஆசிரியர்களிடம்தான் காரணத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். வீட்டு அம்மா “தண்ணி படக்கூடாது” என்று மட்டும் சொல்வார். ஏன் என்பதை இங்கே சொல்வார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

ஒரு கேக் வகுப்புக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு நான் போனேன். சின்ன கூடம், நாற்பது பேர். முன்னால் ஒரு மேசை, ஒரு மிக்ஸர், ஓர் ஓவன். கடைசி வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருந்தவர்களின் முதுகுதான். மாவு ‘ரிப்பன் மாதிரி விழணும்’ என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, விழுந்த ரிப்பனை நான் பார்க்கவில்லை. மாலையில் ஒரு துண்டு கேக்கும் சான்றிதழும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செய்த கேக் நடுவில் குழிந்தது. அன்றிலிருந்து போனில் நான் கேட்கும் முதல் கேள்வி: “ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்?”

செய்து காட்டும் வகுப்பு, செய்ய வைக்கும் வகுப்பு என்று இரண்டு உண்டு. முதல் வகை விலை குறைவு, கூட்டம் அதிகம். கேக் அலங்காரத்தை ஓரளவு பார்த்தே கற்கலாம் என்பதால் அதற்குப் பரவாயில்லை. பாகு, மாவு, தம், புளிப்பு இந்த நான்கில் ஒன்று உள்ள எதற்கும் இரண்டாவது வகைக்குத்தான் போக வேண்டும். நான்கு பேருக்கு ஓர் அடுப்பு என்பது என் எல்லை. அதற்கு மேல் போனால் உங்கள் முறை வருவதற்குள் பாகு இறுகிவிடும்.

அதைக் கேட்டபின், கெட்டுப்போனால் மறுபடி செய்ய விடுவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆசிரியரின் குணம் தெரியும். “கெட்டாத்தான் கத்துக்க முடியும், வாங்க” என்று சொல்பவரிடம் கட்டணம் கொஞ்சம் கூட இருந்தாலும் போங்கள். நல்ல ஆசிரியர் வேண்டுமென்றே ஓர் அடுப்பில் பாகைத் தாண்டவிட்டுக் காட்டுவார், தாண்டினால் எப்படி இருக்கும் என்று கை சொல்ல வேண்டும் என்பதற்காக.

சாமான் கட்டணத்தில் சேர்ந்ததா, செய்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா, குறிப்பு கிராம் கணக்கில் தருவார்களா என்பதையெல்லாம் ஒரே போனில் கேட்டுவிடலாம். முட்டை, அசைவம் தொடாதவர்கள் பாத்திரம் தனியா என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டு அடுப்பா, கடையடுப்பா என்பதும் முக்கியம். கடையடுப்பின் தீயில் மூன்று நிமிடத்தில் ஆகும் வேலை வீட்டு கேஸில் எட்டு நிமிடம் எடுக்கும். பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும் வீட்டில் வராமல் போவதற்கு அதுவே பெரிய காரணம்.

சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டுச் சமையலுக்கு அது தேவையில்லை. கடை தொடங்குவதற்கும் சான்றிதழை விட உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுதான் தேவை. “வகுப்பு முடிஞ்சதும் ஆர்டர் நாங்களே தர்றோம்” என்று பெரிய தொகையைக் கேட்பவர்களிடம் ஒரு நாள் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த இடம் வேண்டாம்.

முடிந்தால் பழைய மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். “நல்லா சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “இப்பவும் அதை வீட்டுல செய்றீங்களா?” என்று கேளுங்கள்.

எந்த மாதத்தில்

தீபாவளிக்கு முன் பதினைந்து நாள் இனிப்பு வகுப்புகள் நிரம்பி வழியும். ஆசிரியருக்கும் சொந்த ஆர்டர் இருக்கும், கவனம் பிரியும். அதே வகுப்பை ஆடியில் கேட்டால் நிதானமாகச் சொல்லித்தருவார். இரண்டு மாதம் வீட்டில் பழகிவிட்டுப் பண்டிகைக்கு நம்பிக்கையோடு அடுப்பைப் பற்றவைக்கலாம். கேக்கும் அப்படித்தான். டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள்.

வடகம், வற்றல், கூழ்வடாம் ஆகியவற்றுக்கு மட்டும் மாதத்தை மாற்ற முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடிதான் வகுப்பறை. விடியற்காலையில் கூழ் கிண்டி, வெயில் ஏறும் முன் பிழிந்தாக வேண்டும். மாவடு கடைக்கு வரும் நாட்களும் சிலதான். அந்தச் சமயத்தில் ஒரு வீட்டில் ஜாடி கழுவிக் காய்கிறதென்றால் உடனே போய் நில்லுங்கள், அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்.

வகுப்பு முடிந்த பிறகு

மூன்று நாளுக்குள் வீட்டில் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் கை மறந்துவிடும், குறிப்பு மட்டும் மிஞ்சும். முதல் தடவை கால் பங்கு அளவில், வகுப்பில் பார்த்ததைப் போன்ற அடிகனமான பாத்திரத்திலேயே செய்யுங்கள். நோட்டில் ‘10 நிமிடம்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ‘ஓரத்தில் நெய் பிரிந்தது’, ‘கரண்டி கனத்தது’, ‘சத்தம் அடங்கியது’ என்று நீங்கள் கண்டதை எழுதுங்கள். அடுத்த வருஷம் உங்களுக்கு உதவப்போவது அந்த வரிகள்தான்.

சரியாக வராவிட்டால் ஆசிரியரைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். போனில் விளக்குவதை விட, இரண்டு அதிரசத்தை டப்பாவில் போட்டு நேரில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் ஒன்றைப் புட்டு, உள்ளே பார்த்து, விரலால் அழுத்தி, “மாவுல ஈரம் போதலை, அரிசியை நிழல்ல அவ்வளவு நேரம் உலர்த்தாதே” என்பார்.